ஒன்பது அறிவுரைகளும் ஒரு மடிக்கணினியும்

வீட்டுக் கணினியைக் காப்பது எப்படி என்று சொல்லும் பட்டியல்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. வங்கி ஒன்று அனுப்புகிறது, காவல்துறை ஒன்று ஒட்டுகிறது, ஆன்டிவைரஸ் விற்பவர் தன் பங்குக்கு ஒன்று நீட்டுகிறார். அவற்றில் இருப்பவை பெரும்பாலும் உண்மைதான். எது முதலில், எது கடைசியில், எதை விட்டாலும் பாதகமில்லை என்று மட்டும் அவை சொல்வதில்லை. நேரமும் காசும் அளவாக உள்ள ஒரு குடும்பத்திடம் ‘அத்தனையும் செய்’ என்றால், அது ஒன்றையும் செய்யாமல் விடுவதில்தான் போய் முடியும்.

2020இல் அமெரிக்க ஆய்வாளர் எலிசா ரெட்மைல்ஸும் உடன் ஆய்ந்தவர்களும், பொதுமக்களுக்குச் சொல்லப்படும் கணினிப் பாதுகாப்பு அறிவுரைகளைத் திரட்டினார்கள். கிடைத்தவை 374. அவற்றில் 118 அறிவுரைகளை, ‘முதல் ஐந்துக்குள் வர வேண்டியவை’ என்று வல்லுநர்கள் குறித்தார்கள். ஐந்து இடத்துக்கு 118 போட்டியாளர்கள்! வரிசைப்படுத்தத் தெரியாதது பயனரின் குறை மட்டுமில்லை, வல்லுநர்களுக்கே அது கைகூடவில்லை. அப்படியொரு வரிசையை நம் ஊர் வீட்டுக்குப் பொருத்திப் போட்டுப் பார்ப்பதே இங்கு வேலை.

எந்த வீடு என்பதில் எல்லாம் இருக்கிறது. புதுக்கோட்டை நகரத்துத் திருக்கோகர்ணத்தை எடுத்துக்கொள்வோம். குடைவரைக் கோயிலும் அரசு அருங்காட்சியகமும் உள்ள பழைய ஊர். தமிழ்நாட்டின் பல லட்சம் வீடுகளைப் போலவே, இங்கும் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்த கணினி அரசின் விலையில்லா மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15இல் ஜெயலலிதா தொடங்கிவைத்த அத்திட்டம் அரசு நிறுவனமான எல்காட் வழியாகச் சுமார் 50 லட்சம் மாணவர்களைச் சென்றடைந்தது. முதலில் வந்த கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பிளஸ் டூ மாணவிக்கு வந்த கணினி, அவள் படிப்பு முடிந்த பிறகு தம்பிக்கு, அப்பாவின் பட்டா விண்ணப்பத்துக்கு, அம்மாவின் சுயஉதவிக்குழுக் கணக்குக்கு என்று கைமாறிக்கொண்டே வந்தது. ஒரே கணினி, ஒரே கணக்கு, நாலு பேர். மேலைநாட்டுப் பட்டியல்கள் எதிர்பார்க்கிற ‘ஆளுக்கொரு கணினி’ பயனர் இந்த வீட்டில் இல்லை.

எடைபோட மூன்று அளவுகோல்கள் போதும். ஓர் அறிவுரை எந்தத் தாக்குதலைத் தடுக்கிறது? அந்தத் தாக்குதல் இந்த வீட்டுக்கு உண்மையிலேயே வருமா? தடுப்பதற்கு ஆகும் பணம், நேரம், கவனம் எவ்வளவு? மூன்றாவதைப் பாதுகாப்பு வல்லுநர்கள் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2009இல் எழுதிய கட்டுரைதான் அதை மேசைக்குக் கொண்டுவந்தது. மக்கள் அறிவுரைகளைப் புறக்கணிப்பது சோம்பலால் வருவதல்ல, கணக்குப் பார்த்தே அவர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்றார் அவர். ஒவ்வொரு இணைய முகவரியையும் எழுத்தெழுத்தாகப் படித்துச் சோதிக்கச் செலவாகும் நேரத்தின் மதிப்பு, அதனால் தவிர்க்கப்படும் இழப்பைவிடக் கூடுதல் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின், ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று கைகழுவிவிட்டுப் போக முடியாது.

சோதனைக்கு எடுத்துக்கொள்ள ஒரு மூலப் பட்டியல் உண்டு. 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்ற தீநிரல் இணையத்தை முடக்கிய பிறகு, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர உதவிக் குழு ஒன்று அமைந்தது. அக்குழு 2002இல் வீட்டுக் கணினிக்கென ஒரு கையேடு வெளியிட்டது. அதிலுள்ள வேலைகள் ஒன்பது: ஆன்டிவைரஸ், அப்டேட், மின்னஞ்சல் இணைப்புகளில் எச்சரிக்கை, ஃபயர்வால் மென்பொருள், பேக்கப், வலுவான கடவுச்சொல், பதிவிறக்கத்தில் எச்சரிக்கை, ஃபயர்வால் கருவி, கோப்புகளுக்குப் பூட்டு. இன்று நம் கைபேசிக்கு வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த ஒன்பதின் பேரப்பிள்ளைகள்தான்.

முதலிடத்தில் ஆன்டிவைரஸ் இருப்பதற்கு அன்று நியாயம் இருந்தது. நம் ஊரிலும் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் பென்டிரைவைக் கொண்டுபோய் வந்தவர்களுக்கு ‘ஷார்ட்கட் வைரஸ்’ தெரியும். கோப்புறை எல்லாம் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் வரிசைகட்டி நிற்கும். 2008இல் கிளம்பிய கான்ஃபிக்கர் புழு பரவிய வழிகளில் பென்டிரைவும் ஒன்று. ஆன்டிவைரஸ் நமக்கு அயல் சரக்கும் அல்ல: கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலிருந்தே சென்னையில் இருக்கிறது, குயிக் ஹீல் பூனாவில்.

பின்னர் நிலைமை மாறியது. பென்டிரைவைச் செருகியதும் நிரல் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7 நீக்கியது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைகளில் அண்மை ஆண்டுகளில் அது காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு ஈடான மதிப்பெண் வாங்கிவருகிறது. விண்டோஸ் 10, 11 வைத்திருக்கும் வீடு தனியாக ஆன்டிவைரஸ் வாங்குவது, இருக்கும் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு மாட்டுவதுதான். கூடுதல் பலன் அறவே இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு அதைவிடப் பெரிய பலன் வேறு இடத்தில் காத்திருக்கிறது என்கிறேன்.

இதற்கு ஒரு சான்றும் இருக்கிறது. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் 231 பாதுகாப்பு வல்லுநர்களிடமும் 294 சாதாரணப் பயனர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பாதுகாப்புக்கு நீங்கள் செய்யும் முக்கியமான மூன்று காரியங்கள் எவை? சாதாரணப் பயனர்களில் 42 விழுக்காட்டினர் ஆன்டிவைரஸைச் சொன்னார்கள். வல்லுநர்களில் 7 விழுக்காட்டினர் மட்டுமே சொன்னார்கள். வல்லுநர்களில் 35 விழுக்காட்டினர் சொன்னது அப்டேட். சாதாரணப் பயனர்களில் அதைச் சொன்னவர்கள் 2 விழுக்காடு. 2002 பட்டியலின் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் மாற்றிப்போட இந்த இடைவெளி ஒன்றே போதும்.

ஃபயர்வால் மென்பொருள், ஃபயர்வால் கருவி இரண்டையும் காலமே நமக்காகச் செய்து கொடுத்துவிட்டது. 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் ஃபயர்வாலை இயல்பாகவே ‘ஆன்’ செய்தது. வெளியிலிருந்து நேரே வரும் இணைப்புகளை வீட்டு மோடம் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் இங்கே கையேடு காணாத ஓர் ஓட்டை இருக்கிறது: அந்த மோடத்தின் சொந்தக் கடவுச்சொல். 2017 ஜூலையில் சுமார் 60,000 பிஎஸ்என்எல் அகலக்கற்றை மோடம்கள் தீநிரல் தாக்கி முடங்கின. அவை விற்கப்பட்டபோது இருந்த ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லையே யாரும் மாற்றாமல் விட்டிருந்ததுதான் காரணம். வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது. ஒருமுறை செய்தால் போதும், பத்து நிமிட வேலை, செலவு கிடையாது. மூன்று அளவுகோல்களிலும் தேறுகிறது. புதிதாக இணைப்பு வாங்கும் வீடு, மாட்டிக்கொடுக்க வருபவரிடமே ‘அட்மின் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று கேட்டு வாங்கிவிடலாம்.

இனி அப்டேட். பயனர்கள் மிகவும் வெறுக்கும் வேலை இது. வெறுப்புக்குக் காரணம் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வரும் வரை, டேட்டாவை அளந்து அளந்து செலவழித்தோம். மாதத்துக்கு வாங்கிய ஒரு ஜிபியை அப்டேட் ஒரே இரவில் தின்றுவிடும். சர்வீஸ் கடைக்காரர் முதல் வேலையாக அதை நிறுத்தி வைத்தது அக்காலத்துக்கு வாடிக்கையாளர் சேவைதான். பிறகு டேட்டா மலிந்தது, பழக்கம் போகவில்லை. அதற்கு இரண்டாவது காரணம் ‘கிராக்’. ஸ்டார்ட்டர் பதிப்பு வால்பேப்பரைக்கூட மாற்ற விடாது. ஃபார்மட் அடித்து ‘அல்டிமேட்’ போட்டுக்கொள்ளும் ஆசைக்கு அதுவும் ஒரு தூண்டுதல். அசல் உரிமத்தோடு வந்த அரசுக் கணினி இப்படித் திருட்டு விண்டோஸுக்கு மாறியது. அப்டேட் வந்தால் கிராக் பிடிபடும் என்று அதை அடைத்தும் வைத்தார்கள். பாதுகாப்பின் தலையாய வேலை, கடைக்குப் போய் வந்த அன்றே நின்றுபோயிற்று.

நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 12 சாட்சி. அன்று பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரத்துக் காவல் நிலையங்களும் திருமலை திருப்பதி தேவஸ்தானக் கணினிகளும் அதில் சிக்கின. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இடையில் இரண்டு மாதங்கள் இருந்தன. தாக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள், அதாவது நம் மாணவர்களுக்குக் கொடுத்த அதே விண்டோஸ்.

அப்டேட்டுக்கு எதிரான வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமான நிலையங்கள் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தன. அப்டேட்டே ஆபத்தாகவும் ஆகலாம் என்பது மெய். ஆனால் அது பெருநிறுவனங்கள் வாங்கும் மென்பொருள். வீட்டுக் கணினிகளை அது தொடவில்லை. தொட்ட கணினிகளும் மீண்டும் எழுந்தன, தரவு திருடுபோகவில்லை. அடைக்காத ஓட்டை வழியே வரும் இழப்பு அப்படித் திரும்பி வருவதில்லை. எதிர்வாதம் எடையுள்ளதுதான், தட்டைச் சாய்க்கும் எடை அதற்கு இல்லை.

உண்மையான சிக்கல் வேறு: அப்டேட் செய்ய மனம் இருந்தும் அப்டேட்டே வராத கணினிகள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10. அவற்றில் ஓடும் குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10ம் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துகொள்ளும் வீட்டுப் பயனருக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சில்லும், ஒப்புக்கொள்ளப்பட்ட புதிய பிராசஸரும் வேண்டும். பழைய அரசுக் கணினியில் அதைப் போட வழியில்லை. இத்தகைய கணினிக்கு ‘அப்டேட் செய்யுங்கள்’ என்று அறிவுரை சொல்வது வெறும் சடங்கு. இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, லினக்ஸ் மின்ட் போல, தொடர்ந்து அப்டேட் வரும் ஓர் இலவச இயங்குதளத்துக்கு மாறுவது. மாணவர் பயன்படுத்தாமலே விட்ட பாஸ் லினக்ஸின் பக்கம்தான் விடை இருந்தது என்பது இந்தத் திட்டத்தின் முரண். இரண்டு, அந்தக் கணினியில் பணம் தொடர்பான எதையும் செய்யாதிருப்பது: பாடம் படிக்க, தட்டச்சு செய்ய, படம் பார்க்க மட்டும், வங்கிக்கும் யுபிஐக்கும் அப்டேட் வரும் கைபேசி.

கடவுச்சொல் விஷயத்தில் பழைய பட்டியல்கள் பாதி சரி, பாதி தீங்கு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு கலந்து எழுது, 90 நாளுக்கொருமுறை மாற்று என்ற விதி 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆவணத்திலிருந்து உலகெங்கும் பரவியது. 2017இல் அதே நிறுவனம் விதியைத் திருத்தியது: நீளம்தான் பலம், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள். பழைய விதியை எழுதிய பில் பர், தம் அறிவுரையில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகச் சொன்னார். 2019இல் மைக்ரோசாஃப்டும் கட்டாய மாற்ற விதியைத் தன் பரிந்துரையிலிருந்து நீக்கியது. காரணம் எளிது: மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். நம் வீடுகளில் பிறந்த தேதியும் வண்டி எண்ணும் மாறி மாறி வரும்.

‘எங்கும் எழுதி வைக்காதே’ என்ற அறிவுரையும் வீட்டுக்குப் பொருந்தாது. அலுவலகத்தில் மேசைமேல் ஒட்டிய காகிதத்தை யாரும் பார்க்கலாம். ஆனால் திருக்கோகர்ணத்து வீட்டு பீரோவுக்குள் நகையோடு இருக்கும் நோட்டை, அயல்நாட்டிலிருந்து தாக்குபவன் எட்ட முடியாது. எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து நினைவில் வைப்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வைத்து நோட்டில் எழுதுவது பல மடங்கு மேல். பழைய பட்டியலில் இல்லாத இரண்டாம் படிச் சரிபார்ப்பு இதைவிடவும் மேல். கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி எண் ஒன்றே தானியங்கித் தாக்குதல்களை 100 விழுக்காடும், கூட்டமாக வீசப்படும் ஏமாற்றுவலைகளை 96 விழுக்காடும், ஓர் ஆளைக் குறிவைத்த தாக்குதல்களை 76 விழுக்காடும் தடுத்தது. இதற்கும் பத்து நிமிடமே ஆகும். முதலில் பூட்ட வேண்டியது மின்னஞ்சல் கணக்கு. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் அங்கேதான் வந்து சேரும்.

‘பூட்டுச் சின்னம் இருக்கிறதா பாருங்கள்’ என்பது இன்றும் வங்கிகளின் பட்டியலில் வாழ்கிறது. அதை நீக்கிவிடலாம். பூட்டு சொன்னதெல்லாம், போகும் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான். எதிர்முனையில் இருப்பவன் திருடனா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களும் பூட்டு வாங்கி மாட்டிக்கொண்டன. தவறான நம்பிக்கை தருகிறது என்று 2023இல் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கைக்கு வந்திருப்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு: இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றது. அந்த முடிவெழுத்தை வங்கிகளுக்கு மட்டுமே தருவார்கள். இருபது எச்சரிக்கைகளைவிட, கண்ணால் பார்க்கக்கூடிய இந்த ஒரு அடையாளம் மேலானது. ஹெர்லியின் வாதம் கொண்டுபோய் நிறுத்துவதும் இங்கேதான்: சுமையைப் பயனரின் தோளிலிருந்து இறக்கி நிறுவனத்தின் தோளில் வையுங்கள்.

மின்னஞ்சல் இணைப்பு, பதிவிறக்கம் இரண்டிலும் எச்சரிக்கை என்பது ‘கவனமாக இரு’ என்ற வகை அறிவுரை. கவனம் நாள் முழுவதும் நிற்காது. நாலு பேர் கைமாற்றும் கணினியில் அது நாலில் ஒருவருக்குக் கட்டாயம் தவறும். அதனால் கவனத்தைவிட அமைப்பை நம்புவது நல்லது. கணினியில் இரண்டு கணக்குகள் போடுங்கள்: மென்பொருள் நிறுவும் உரிமையுள்ள அட்மின் கணக்கு ஒன்று, அன்றாட வேலைக்கு அந்த உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று. தம்பி விளையாட்டு என்று நம்பி எதையோ இறக்கினாலும், நிறுவும்போது அட்மின் கடவுச்சொல் கேட்கும். அந்த ஒரு நிறுத்தம் பல விபத்துகளைத் தடுக்கும். கிராக் தேடுவதில்தான் ஆபத்து மிகுதி. 2018 வாக்கில் கிளம்பிய ஸ்டாப் என்ற பணயத்தீநிரல் (ரான்சம்வேர்) நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுப் பயனர்களைத் தேடி வந்தது. அது ஒளிந்து வந்த முக்கியமான வழி, திருட்டு மென்பொருளைத் திறக்கும் கிராக் கோப்புகள்.

கோப்புகளுக்குப் பூட்டு என்ற ஒன்பதாவது வேலை, வீட்டுக்குத் தேவையற்ற ஆடம்பரம் என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் நம் வீட்டுக் கணினி வெளியே போகும் இடம் சர்வீஸ் கடை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னப் பழுதுக்காக 16 கடைகளில் மடிக்கணினிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு கடைகளில் ஊழியர்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு கடைகளில் பிரதியும் எடுத்திருந்தார்கள். பெண் பெயரில் இருந்த கணினிகளே அதிகம் துழாவப்பட்டன. கனடாவில் நடந்தது இங்கே நடக்காது என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. பெண்பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியைக் கடைக்குக் கொடுக்கும் முன், படங்களை வேறொன்றுக்கு மாற்றி, கணினியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுப்பது இந்த வீட்டுக்குப் பொருந்தும் பூட்டு.

மாற்றி வைக்க வேறொன்று வேண்டும் என்பது பேக்கப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் காசில் இடம்பெற்றவள், அரைக்காசு அம்மன் என்று பெயர் பெற்றவள். தொலைந்த பொருள் கிடைக்க அவளை நினைத்து வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வது இப்பக்கத்து வழக்கம். நம்பிக்கை அவரவருடையது. பணயத்தீநிரல் பூட்டிய கல்யாணப் படங்களும் சான்றிதழ்களும் திரும்ப, வேறோர் இடத்தில் பிரதி இருந்தாக வேண்டும். ஹார்ட் டிஸ்க் தேய்ந்துபோவது, லேப்டாப் கீழே விழுவது, திருட்டு, தீநிரல், தவறுதலான டெலீட் என்று காரணம் எதுவானாலும் பதில் ஒன்றே. ஒன்பதில் இத்தனை ஆபத்துகளுக்கு ஒருசேர மருந்தாகும் வேலை வேறில்லை. 2002 பட்டியல் இதை ஐந்தாமிடத்தில் வைத்தது தவறு. ஒரு நிபந்தனை: பிரதி உள்ள பென்டிரைவைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும். எடுத்த பின் கழற்றி பீரோவுக்குள் வையுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்த வீட்டிலும் பணம் போகலாம். ஏனென்றால் இன்றைய திருட்டின் பெரும்பகுதி கணினியை உடைப்பதில்லை, மனிதரை அழைக்கிறது. ‘கேஒய்சி முடியப்போகிறது, இந்தச் செயலியைப் போடுங்கள்’ என்று சொல்லி, தொலைவிலிருந்து திரையை இயக்கும் மென்பொருளை நம்மையே நிறுவ வைப்பார்கள். எனிடெஸ்க் வழியே நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான். அதனால்தான் ஆன்டிவைரஸ் அதைத் தடுக்காது. ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு வந்து மிரட்டுவதைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபர் 27 மனதின் குரல் நிகழ்ச்சியில் பேச வேண்டியிருந்தது. அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. இந்த வகைக்கு 2002 கையேட்டில் ஒரு வரியும் இல்லை. விதி சுருக்கமானது: தானாக வந்த அழைப்பில் யார் எதைச் சொன்னாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பாஸ்புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு நாமே பேச வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் வேண்டாம்.

போய்விட்டால் வேகம்தான் மருந்து. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் கைமாறும் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. ஓடிபியை நாமே சொல்லிவிட்டிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது, தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைக்கும் வீட்டுக்குத்தான் இழப்பு பெருகும். வீட்டில் யார் ஏமாந்தாலும் திட்டாதிருப்பதும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையே.

கைபேசிக் காலத்தில் கணினியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். கல்லூரிப் பாடமும் போட்டித்தேர்வு விண்ணப்பமும் பட்டாவும் வருமானச் சான்றும் இன்னும் பெரிய திரையைத்தான் கேட்கின்றன. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதாவது அடுத்த தலைமுறை வீட்டுக் கணினிகள் வந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே தீர்ப்பு. ஒன்பது வேலைகளில் மூன்று, அதாவது ஆன்டிவைரஸும் இரண்டு ஃபயர்வால்களும், இன்று கணினியோடும் மோடத்தோடும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுக்காக வீடு செலவழிக்க வேண்டியதில்லை. மோடத்தின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும். வீட்டின் கையில் மிஞ்சும் வரிசை இது: ஒன்று, அப்டேட் வரும் இயங்குதளம்; வராவிட்டால் அந்தக் கணினியில் பணவேலை இல்லை. இரண்டு, கழற்றி வைத்த பேக்கப். மூன்று, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் படிச் சரிபார்ப்பு. நான்கு, அட்மின் உரிமை இல்லாத அன்றாடக் கணக்கு. ஐந்து, தானாக வந்த அழைப்பைத் துண்டிக்கும் பழக்கம். 90 நாளுக்கொருமுறை கடவுச்சொல் மாற்றுவதும், பூட்டுச் சின்னம் தேடுவதும், காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸும் இந்த வரிசைக்கு வெளியே.

அரசுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. ஏழை வீட்டுக்குள் கணினியைக் கொண்டுவந்தது பெரிய காரியம், அதைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டு அதன் ஆயுளைப் பற்றிப் பேசாமல் விட்டது குறை. ‘இந்த விண்டோஸுக்கு இந்தத் தேதி வரை அப்டேட் வரும், அதன் பிறகு இதைச் செய்யுங்கள்’ என்று மூடியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். இனிக் கொடுக்கப்படுபவற்றிலாவது ஒட்ட வேண்டும்.

கற்றுக்கொடுப்பது எப்படி என்று புதுக்கோட்டைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்துக் கற்ற கையோடு இம்மாவட்டத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிளும் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்திருக்கிறார். அன்று வேலை நடந்தது சுவரொட்டியால் அல்ல, பக்கத்தில் வந்து கேரியரைப் பிடித்துக்கொண்ட இன்னொரு பெண்ணால். கணினிப் பாதுகாப்புக்கும் அதே முறைதான் பலிக்கும். கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவுக்குப் போய், வீட்டுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து, மேலே சொன்ன ஐந்தையும் அந்த வீட்டுக் கணினியிலேயே செய்து காட்டிவிட்டு வரலாம். எந்த விழிப்புணர்வுக் குறுஞ்செய்தியும் அதற்கு ஈடாகாது.

அதுவரை வாசகருக்கு ஒரு சொல்: ஆன்டிவைரஸ் புதுப்பிக்கவென்று எடுத்து வைத்த பணம் இருந்தால், அதில் ஒரு பென்டிரைவ் வாங்கி, இந்த ஞாயிற்றுக்கிழமையே சான்றிதழ்களையும் படங்களையும் அதில் ஏற்றிக் கழற்றி வையுங்கள்.